நான்கு மால் விபரம்

கிரயப் பத்திரம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு:
வெட்டாற்றுப் பாசன வாய்க்காலுக்குத் தெற்கு,
கோயில் நிலத்துக்கு வடக்கு,
வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
ஒற்றைப் பனைக்கு மேற்கு.
இதற்குள்பட்ட நஞ்சை மூன்று மா.

கொரடாச்சேரியிலிருந்து பஸ், பிறகு நடை.
டேப்பை வரப்பில் வைத்துவிட்டுப்
பனையைத் தேடினேன்.
ஓர் ஆலமரம் நின்றது.

“இதுதாங்க பனை” என்றார் கலியமூர்த்தி.
“உள்ள இருக்குது, சர்வேயரம்மா” என்றாள் தையல்நாயகி.
இருபத்திரண்டு வருஷ வழக்கில்
இரண்டு பேரும் ஒத்துப்போன இடம்
அது ஒன்றுதான்.

வேர்களுக்கு நடுவே கையை விட்டேன்.
முழங்கை வரை போனதும்
கருத்த, சொரசொரப்பான பனையின் உடம்பு.
அண்ணாந்தால், ஆலிலைக் கும்பலுக்கு மேல்
மூன்றே மூன்று ஓலை,
நெரிசல் பஸ்ஸில் எவரோ
நனையாமல் தூக்கிப் பிடித்த விசிறி மாதிரி.

எப்படி நடந்தது என்று கட்டில் எந்தக் காகிதமும் இல்லை.
நானாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கோ பழம் தின்ற குக்குறுவான் ஒன்று
மட்டை கழித்த இடுக்கில் எச்சமிட்டது.
கடுகைவிடச் சின்ன விதை.
இடுக்கில் கொஞ்சம் தூசி, மழை ஈரம், செத்த எறும்புகள்.
அது போதும்.
முதல் பல வருஷம் அதற்கு மண்ணோடு பேச்சில்லை.
வாடகை இல்லாத மாடி.
நாலு இலை.
நுங்கு வெட்ட ஏறியவனுக்குக்கூட உறுத்தவில்லை.

பிறகு நூல் தடிமனில் ஒரு வேர் கீழே பார்த்தது.
ஐப்பசி மழையில் ஒரு முழம்,
பங்குனியில் அப்படியே நின்று,
மறு ஐப்பசியில் இன்னொரு முழம்.
தரையைத் தொட்ட அன்று
ஊரில் எவருக்கும் தெரியாது.
அதற்கப்புறம் கணக்கு வேறு.
நூல் கயிறாகி, கயிறு வடமாகி,
வேரும் வேரும் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு
பின்னல் சட்டையாகிவிட்டது.

நெரித்துக் கொல்லும் என்பார்கள்.
பனைக்கு இடுப்பு பெருக்காது,
நெரிக்க அதில் ஒன்றுமில்லை.
வெயிலை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

ஆல்போல் தழைத்து என்று அட்சதை போடுகிறோம்.
எதன் மேல் என்று
கேட்ட மாப்பிள்ளை உண்டா?

வழக்கு இதுதான்.
மரத்தின் கிழக்கு ஓரம் வரை எனக்கு என்கிறார் அவர்.
மேற்கு ஓரம் வரை எனக்கு என்கிறாள் இவள்.
நடுவில் பதினேழடி.
நான் அளக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன்:
கிழக்கே தொங்கிய விழுதுக்கு அடியில்
சேறு அடைத்த மூங்கில் குழாய்.
மேற்கு விழுதின் நுனியில்
நனைந்த சாக்கில் கட்டிய எரு.
கேட்டேன்.
இருவரும் வாய்க்காலைப் பார்த்தார்கள்.

போன விசாரணையின்போது பதினான்கடிதான் இருந்ததாம்.
நிழல் விழுகிற நாற்பது குழியில்
யாருக்கும் நெல் முற்றுவதில்லை.
கஜாவில் சுற்றுவட்டாரத் தென்னை எல்லாம் படுத்தபோது
இது மட்டும் ஒரு கிளையோடு தப்பித்ததைச் சொல்லும்போது
இரண்டு குரலிலும் ஒரே பெருமை.

விதிப்படி எல்லைக்கல்
பனையின் நடுவில் நட வேண்டும்.
முடியாது.
மூன்று பக்கம் அளந்து, குறுக்கே கோடு இழுத்து,
புள்ளி வைத்தேன்.
இருவரும் கையெழுத்துப் போடவில்லை.

படத்தின் ஓரத்தில் பென்சிலில்
ஒரு குறிப்பு, அடுத்து வருகிறவருக்கு:

பனை இற்று விழுந்த பிறகு வந்தால் பதறாதீர்கள்.
உள்ளே ஆள் நிற்கிற அளவு பொந்து இருக்கும்,
வேர்ச்சுவரோடு, பனை நின்ற அதே வட்டத்தில்.
பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையவும்.
நடுவில் நின்று டேப்பைப் பிடிக்கவும்.
அந்த ஒன்றுமில்லாததற்கு மேற்கு, கலியமூர்த்தி வகையறா.
கிழக்கு, தையல்நாயகி வகையறா.